மண்டபத்து ஸ்டாலில் கிரானைட் தவா வாங்கிய கதை

ஆடி மாதம் வந்தால் திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுப் பக்கம் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் வீட்டு உபயோகப் பொருட்காட்சி போட்டுவிடுவார்கள். கல்யாணம் இல்லாத மாதம், மண்டபம் மலிவாகக் கிடைக்கும் போலிருக்கிறது. போர்வை, ஊறுகாய், மூட்டுவலித் தைலம், கால் அமுக்கும் மெஷின், அப்புறம் கட்டாயம் ஒரு நான்ஸ்டிக் ஸ்டால். 2024 ஆடியில் அந்த ஸ்டாலில் 1,299 ரூபாய் கொடுத்து ஒரு தவா வாங்கினேன். கார்த்திகைக்குள் அது குப்பையாகிவிட்டது. பணம் திரும்பி வரவில்லை. வராமல் போனதில் என் தப்பும் இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதினால்தான் இந்தப் பதிவால் யாருக்காவது பிரயோஜனம்.

எங்கள் வீட்டில் காலை டிபன் என் பொறுப்பு. மனைவி ஏழரை மணிக்கே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவாள். நான்கு பேருக்கு தோசை, நடுவில் பையனுக்கு ஒரு ஆம்லெட். இத்தனை வருஷமாக எல்லாம் அம்மாவின் பழைய இரும்புத் தோசைக்கல்லில்தான் ஓடியது. மூன்று கிலோவுக்குக் குறையாது. அம்மாவுக்கு மணிக்கட்டு வலி வந்தபின் அதைத் தூக்கிக் கழுவ முடியவில்லை. எண்ணெயைக் குறைக்கச் சொல்லி டாக்டர் வேறு சொல்லியிருந்தார். லேசான, ஒட்டாத, தினமும் அடித்தாலும் தாங்குகிற ஒரு தவா. இந்த ஆசையோடு உள்ளே போனவனைப் பார்த்தவுடனே அந்த ஸ்டால்காரருக்குத் தெரிந்திருக்கும், இன்றைக்கு முதல் போணி இவன்தான் என்று.

ஆள் பேசினார் பாருங்கள்! காதில் மாட்டின மைக்கோடு, "அம்மா, அக்கா, முன்னாடி வாங்க, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது" என்று முட்டையை உடைத்து ஊற்றினார். முட்டை தவாவில் சறுக்கு மரம் விளையாடியது. அடுத்து பாலை ஊற்றி வற்றவிட்டு, அந்த ஏட்டை அப்படியே தோல் மாதிரி உரித்துத் தூக்கிக் காட்டினார். அடுத்து ஸ்டீல் கரண்டியை எடுத்துச் சரசரவென்று தேய்த்தார். ஒரு கோடு இல்லை. "ஏழு லேயர் கிரானைட் கோட்டிங், அஞ்சு வருஷ வாரண்டி, இண்டக்‌ஷனிலும் வைக்கலாம்." பெட்டியில் அச்சடித்த விலை 3,499. இன்றைக்கு மட்டும் 1,299, கூடவே ஒரு சின்னக் கடாய் இலவசம்.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன், அந்த மேடையில் என்ன நடந்தது என்று. முட்டை வழுக்குவது அந்தத் தவாவின் சாமர்த்தியம் இல்லை. புதிதாக வந்த எந்த நான்ஸ்டிக்கிலும் முதல் மாதம் முட்டை வழுக்கும், முந்நூறு ரூபாய்த் தவாவாக இருந்தாலும். ஒவ்வொரு டெமோவுக்கும் முன்னால் அவர் ஒரு துணியால் தவாவைத் துடைத்தார். அந்தத் துணியில் எண்ணெய்ப்பசை இருந்ததா என்று யார் கேட்டார்கள்? கரண்டியைத் தேய்த்தாரே, அதன் வளைந்த முதுகுப் பக்கத்தால்தான் தேய்த்தார், விளிம்பால் இல்லை. அடுப்பு முழு நேரமும் சிம்மில் இருந்தது. நம் வீட்டில் காலை ஏழு மணிக்கு யார் அடுப்பைச் சிம்மில் வைத்து தோசை வார்க்கிறார்கள்?

பணம் கட்டும்போது, "ஜிபே சர்வர் டவுன் சார், கேஷா குடுத்துடுங்க" என்றார். கொடுத்தேன். பில் கேட்டதற்கு மஞ்சள் துண்டுச் சீட்டில் 'எஸ்டிமேட்' என்று போட்டு 1,299 என்று எழுதிக் கொடுத்தார். கடை பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, தேதி கூட இல்லை. வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். படித்தவன்தான் நான்.

முதல் இரண்டு மாதம் ராஜபோகம். அம்மாவுக்குச் சந்தோஷம், ஒற்றைக் கையால் தூக்கிக் கழுவினாள். மூன்றாவது மாதம் நடுப்பகுதி உப்ப ஆரம்பித்தது. மாவை ஊற்றினால் நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடும், தோசை நடுவில் காய்ந்து கருகி ஓரத்தில் வெள்ளையாக இருக்கும். புரட்டாசியில் அந்த நடுப்பகுதியிலேயே ஒட்டத் தொடங்கியது. தீபாவளி முடிந்த வாரம் பையன் தட்டைப் பார்த்துக் கேட்டான், "அப்பா, இன்னைக்கு எள்ளு தோசையா?" தோசையின் முதுகில் கறுப்புப் புள்ளிகள். அம்மா அன்றைக்கு டிபனே சாப்பிடவில்லை.

பூச்சிலிருந்து உரிந்து வரும் இந்தத் துணுக்குகள் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நான்ஸ்டிக்கில் பூசும் டெஃப்லானின் துணுக்கு உடம்பில் எதோடும் வினை புரியாது, போன வழியாக வெளியே வந்துவிடும். பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். காலித் தவாவைப் பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் சில நிமிஷத்தில் 260 டிகிரியைத் தாண்டிவிடும். அதற்கு மேல் கோட்டிங் சிதைய ஆரம்பிக்கும், இன்னும் ஏறினால் வரும் புகை மனிதனுக்குக் காய்ச்சல் மாதிரி வரவழைக்கும், கூண்டுப் பறவைகளைக் கொன்றே விடும். லவ் பேர்ட்ஸ், கிளி வளர்க்கிறவர்கள் சமையலறைப் பக்கம் கூண்டை வைக்காதீர்கள்.

என் தப்பு இங்கேதான். இரும்புக்கல்லில் பழகின கை. கல் நன்றாகக் காயணும், தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று முத்து ஓடணும், அப்புறம்தான் மாவு. நான்ஸ்டிக்கிலும் அதையேதான் செய்தேன். ஒவ்வொரு தோசைக்கும் நடுவில் ஒரு கை தண்ணீர். மெல்லிய அலுமினியம் இப்படிச் சூடும் குளிருமாக அடி வாங்கினால் உப்பாமல் என்ன செய்யும்? ஆனால் ஒன்று கேட்கிறேன். தோசைத் தவா என்று பெட்டி மேலேயே தோசைப் படம் போட்டு விற்கிறவர், தமிழ்நாட்டில் தோசை எப்படி வார்ப்பார்கள் என்று தெரியாமலா விற்றார்?

சரி, ஐந்து வருஷ வாரண்டி இருக்கிறதே என்று பெட்டியைத் தேடி எடுத்தேன். வாரண்டி அட்டையைப் படிக்கக் கண்ணாடி போதவில்லை, மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். தயாரிப்புக் குறைக்கு மட்டும்தானாம் வாரண்டி. கோட்டிங் தேய்வது, கீறல், நிறம் மாறுவது, அதிகச் சூட்டால் வரும் பழுது எதுவும் சேராது. வாங்கின பதினைந்து நாளுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். பொருளை நம் செலவில் கூரியரில் அனுப்ப வேண்டும். நான்ஸ்டிக் தவாவில் கோட்டிங்கை விட்டால் மீதி என்ன இருக்கிறது? கைப்பிடி. கைப்பிடிக்குத்தான் ஐந்து வருஷ வாரண்டி.

அட்டையில் இருந்த எண்ணுக்கு நான்கு நாள் அடித்தேன், சுவிட்ச் ஆஃப். ஐந்தாவது நாள் ஒரு பெண் எடுத்து, "ஹை ஃப்ளேம்ல வச்சீங்களா சார்?" என்று கேட்டார். நான் பொய் சொல்லத் தெரியாமல் "ஆமா" என்றேன். அவ்வளவுதான், கேஸ் முடிந்தது.

அப்போதுதான் இன்னொன்று பார்த்தேன். இண்டக்‌ஷன் பேஸ் என்றாரே, ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்துத் தவாவின் அடியில் வைத்தேன். விழுந்துவிட்டது. அலுமினியத்தை இண்டக்‌ஷன் அடுப்பு சுட வைக்காது, அடியில் காந்தம் பிடிக்கிற ஸ்டீல் தகடு பதித்திருக்க வேண்டும். இதில் வட்ட வட்டமாகக் கோடு போட்டுத் தகடு மாதிரி காட்டியிருந்தார்கள், அவ்வளவே. வீட்டில் கேஸ் இருக்கும்வரை இதைச் சோதிக்கவே தோன்றாது. காந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் இரண்டு விநாடி. அதை மண்டபத்திலேயே செய்திருக்கலாம்.

கிரானைட் என்பதும் அந்தக் கோடு மாதிரிதான். இந்த மாதிரித் தவாக்களில் பெரும்பாலும் கல்லும் கிடையாது மண்ணும் கிடையாது. வழக்கமான டெஃப்லான் வகைப் பூச்சில் வெள்ளைப் புள்ளி தெளித்திருப்பார்கள். 'பிஎஃப்ஓஏ இல்லாதது' என்று பச்சை இலை படத்தோடு ஒட்டியிருந்தார்கள். அது பூச்சைத் தயாரிக்கும்போது முன்பு பயன்படுத்திய ஒரு வேதிப்பொருள். அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் 2015க்குள் அதைக் கைவிட்டாயிற்று, 2019ல் நச்சு வேதிப்பொருட்களைத் தடுக்கும் உலக அளவிலான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்திலும் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஸ்டிக்கரைப் பார்த்து இந்தத் தவா அதிக நாள் உழைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

டெஃப்லான் 1938ல் தற்செயலாகக் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்பவர் ஃப்ரிட்ஜுக்கான வாயுவை ஆராயும்போது சிலிண்டருக்குள் வெள்ளைப் பொடியாகக் கிடைத்தது. எதுவும் ஒட்டாத இந்தப் பொருளை அலுமினியத்தின் மேல் எப்படி ஒட்ட வைப்பது என்பதுதான் தலைவலி. அலுமினியத்தை முதலில் நுணுக்கமாகச் சொரசொரப்பாக்கி, அந்தப் பள்ளங்களில் பூச்சைப் பிடிக்க வைக்க வேண்டும். பிரான்சில் மார்க் கிரெகுவார் இதைச் செய்துதான் 1950களில் தவா விற்க ஆரம்பித்தார். இன்றைக்கும் காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் கை வைக்கிற இடங்களில் இதுவும் ஒன்று. மேல் பூச்சு பளபளவென்று இருக்கும், அடியில் பிடிப்பு இருக்காது. கடையில் நின்று பார்த்தால் நமக்குத் தெரியவே தெரியாது.

இதோடு விட்டிருக்கலாம். தெருவில் ஒருவர் "பழைய நான்ஸ்டிக்குக்குப் புது கோட்டிங்" என்று வண்டியில் வந்தார். 250 ரூபாய். மறுநாளே கறுகறுவென்று கொண்டுவந்து கொடுத்தார். அடுப்பில் வைத்ததும் பெயிண்ட் வாடை. நான்ஸ்டிக் பூச்சைச் சுமார் 400 டிகிரி அடுப்பில் வைத்துச் சுட்டால்தான் பிடிக்கும், அந்தச் சூட்டை பேக்கலைட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கைப்பிடி தாங்காது, கழற்றியாக வேண்டும். என் தவாவின் கைப்பிடி ஸ்க்ரூவில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது, யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. இதையும் பணம் கொடுத்த பிறகுதான் கவனித்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் கொடுத்தேன். மரியாதையாகப் பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து, கம்பெனியைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று முடித்துவிட்டார்கள். பெட்டியில் முழு முகவரி இல்லையே, அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? பேக் செய்த பொருளில் தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் முகவரி, மாதம் வருடம், புகார் தொடர்பு எண் எல்லாம் போட்டாக வேண்டும் என்பது சட்டம். என் பெட்டியில் 'மார்க்கெட்டட் பை' என்று ஒரு ஆங்கிலப் பெயரும் ஒரு ஊர்ப் பெயரும் மட்டும்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷம் அவகாசம். பில் கொடுக்காமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் முப்பது நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பதும் அப்படித்தான், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று எத்தனை பெரிய போர்டு வைத்தாலும். இவ்வளவும் தெரிந்துகொண்டு மஞ்சள் சீட்டை எடுத்துப் பார்த்தேன். யார் மேல் கேஸ் போடுவது? கேஷ் கொடுத்ததால் வங்கிக் கணக்கிலும் தடயம் இல்லை. விட்டுவிட்டேன். நீங்கள் வாங்கும்போது ஜிபே வேலை செய்யவில்லை என்றால், அது வேலை செய்கிற கடைக்குப் போங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கல். தோசைக்குத் திரும்பவும் இரும்புதான், ஆனால் பத்து அங்குலத்தில் தட்டு இரும்புக்கல், அம்மாவின் கல்லில் பாதி எடைதான். அரிசி கழுவின தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, நல்லெண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கிப் பழக்கிக் கொடுத்தது அம்மா. முதல் வாரம் தோசை பிய்ந்து பிய்ந்து வந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. முட்டைக்கு மட்டும் ஒரு நான்ஸ்டிக். பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக் கடையில் ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினேன். கையில் எடுத்தாலே கனம் தெரியும், மூன்று மில்லிமீட்டர். அலுமினியப் பாத்திரத்துக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆணை போட்டது, நான்ஸ்டிக்கும் அதில் சேர்த்தி. முத்திரைக்கு மேலே ஐஎஸ் 1660 என்று தர எண் இருக்கும், கீழே உரிம எண். அந்த உரிம எண்ணை, முத்திரை கொடுக்கும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அடித்தால் யார் பெயரில் உரிமம் என்று வந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே அடித்துப் பார்த்தேன், அவர் கொஞ்சம் முறைத்தார். மரக்கரண்டி, சின்ன பர்னர், சிம், ஆறின பிறகுதான் கழுவுவது. இப்படிப் பார்த்துக்கொண்டாலும் இரண்டு, மூன்று வருஷம் வந்தால் போதும் என்றுதான் வாங்கியிருக்கிறேன். ஐந்து வருஷம் என்று இந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீங்க யூஸ் பண்றதப் பொறுத்து சார்" என்றார். அதனாலேயே அவரிடம் வாங்கினேன்.

பழைய கிரானைட் தவாவை அம்மா கொஞ்ச நாள் மாவுத் தூக்குக்கு மூடியாக வைத்திருந்தாள். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பழைய இரும்புக் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். எடை போட்டார், 640 கிராம். ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு, கைப்பிடியைக் கழற்றி ஒரு சாக்கில் வீசினார். சாக்கு முக்கால்வாசி நிரம்பியிருந்தது, எல்லாம் அதே மாதிரிக் கைப்பிடி.