ரெண்டு கிளவுட், ரெண்டே ஆள்: எந்தக் காவலை வைப்பது?

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை வாங்கும் ஃபேக்டரிகளுக்கான இலைக்கணக்கு மென்பொருளை நானும் ஒரு தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். எடையும் பட்டுவாடாவும் அமேசான் கிளவுடின், அதாவது வாடகை சர்வர்களின், மும்பை மையத்தில் ஓடுகின்றன, ரிப்போர்ட் எல்லாம் மைக்ரோசாஃப்ட் அஸூரில். ஏன் இரண்டு என்று கேட்காதீர்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவரின் பிடிவாதம்.

முதலில் அந்தந்தக் கிளவுடின் சொந்தப் பாதுகாப்புக் கருவிகளையே காவலுக்கு வைத்தோம். அமேசானில் செக்யூரிட்டி ஹப், கார்ட்டுட்யூட்டி. அஸூரில் டிஃபெண்டர் ஃபார் கிளவுட். தன் வீட்டுக்குள் ஒவ்வொன்றும் கெட்டிதான். ஆனால் இரண்டு திரை. பத்தே நாளில் தம்பி ஒன்றைத் திறப்பதையே விட்டுவிட்டான்.

டிஃபெண்டரிலேயே அமேசான், கூகுள் கணக்குகளையும் இணைக்கலாம். அமைப்புகளைச் சரிபார்க்கும் அடிப்படைச் சோதனைக்குக் காசு கிடையாது. அமேசான் சர்வருக்கு உள்ளேயும் காவல் வேண்டுமென்றால்தான் கட்டணம் ஏறும், வெளிச் சர்வரை அஸூரோடு இணைக்கும் அஸூர் ஆர்க்கையும் நிறுவ வேண்டிவரும்.

ப்ரௌலர் வேறு ரகம். 2016 முதல் இருக்கும் திறமூலக் கருவி, மூன்று கிளவுடையும் கட்டளை வரியிலிருந்தே அலசும். முதல் ஓட்டத்திலேயே என் மானம் போனது: பட்டுவாடா சர்வரின் 22ஆம் போர்ட், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வாசல், உலகத்துக்கே திறந்து கிடந்தது. திறந்தது நான்தான். ஆடி மழையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவேன், ஐபி முகவரி மாறும், சர்வர் உள்ளே விடாது. ஒரு ராத்திரி கடுப்பில் 0.0.0.0/0, அதாவது எந்த முகவரியிலிருந்தும் வரலாம், என்று போட்டுவிட்டு அப்படியே மறந்துபோனேன். இப்போது அமேசானின் செஷன் மேனேஜர் வழியாக சர்வருக்குள் போகிறேன். அதற்கு வெளியிலிருந்து எந்தப் போர்ட்டும் திறந்திருக்கத் தேவையில்லை.

ஆனால் ப்ரௌலர் கதவு பூட்டியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எண்ணெய் வாசத்துக்குக் கரடி வந்து கதவைப் பெயர்க்கும் ஊர் இது. பூட்டு இருந்தால் மட்டும் போதாது, நாய் குரைக்கவும் வேண்டும். அதற்கு ஃபால்கோ. இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குப் போகும் அழைப்புகளையே கவனிப்பதால், கன்டெய்னருக்குள் (மென்பொருள் தனியே ஓடும் பெட்டி) யாராவது கட்டளை அடிக்க ஷெல் திறந்தால் உடனே சொல்லிவிடும். விதிகளை நம் சர்வருக்கு ஏற்றபடி செதுக்காவிட்டால் சும்மாவும் குரைக்கும்.

விஸ் போன்ற கட்டணக் கருவிகள் சர்வருக்குள் ஏஜென்ட் என்ற காவல் நிரலை நிறுவாமலே டிஸ்கின் நகலை எடுத்து ஓட்டைகளைத் தேடும். நிறுவும் தலைவலி இல்லை. ஆனால் நகல் எடுத்த நேரத்து நிலவரம்தான் அதில் தெரியும், இந்த நொடியில் நடப்பது தெரியாது. அதற்குத் தனியாக சென்சார் போட வேண்டும். 2025 மார்ச்சில் 3,200 கோடி டாலருக்கு விஸ்ஸை வாங்கப்போவதாக கூகுள் அறிவித்தது. பெரிய கம்பெனிக்குச் சரி, எங்கள் ஏழு சர்வருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

கடைசியில் வாராவாரம் ப்ரௌலர், அதிலும் கிரிட்டிக்கல், ஹை என்ற மோசமான ரகப் பிரச்சினைகள் மட்டும். டிஃபெண்டரின் இலவசப் பகுதி. பட்டுவாடா சர்வரில் மட்டும் ஃபால்கோ.

முதல் வாரத்தில் ஃபால்கோ ஒரே ஒரு முறைதான் உருப்படியாகக் குரைத்தது, ராத்திரி ரெண்டு மணிக்கு. பதறி போன் போட்டால், "நான்தாண்ணா, லாக் பார்க்க உள்ளே போனேன்" என்றான் தம்பி.