கார் கதவுல சாவி ஓட்டை: வெளிய தெரியறதா, மூடி போட்டதா, இல்லாமலே இருக்கறதா?

புது கார் பாக்கப் போனா சன்ரூஃப் இருக்கா, ஸ்க்ரீன் எத்தனை இஞ்ச்னு எல்லாரும் கேப்பாங்க. நான் இப்பல்லாம் நேரா டிரைவர் கதவுகிட்ட போய் சாவி போட ஓட்டை எங்க இருக்குன்னுதான் தேடறேன். சேல்ஸ் பையன் ஒரு மாதிரி பாக்கறான், பரவாயில்ல.

ஊருக்குப் போய் 24 நாள் கழிச்சு வந்திருந்தோம், கார் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்லயே நின்னுட்டு இருந்துச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாவுக்கு உடம்பு முடியல, ஓடி வந்து ரிமோட்ட அமுக்கறேன், சத்தமே இல்ல. ஹேண்டில்ல இருக்கற பட்டன அமுக்கறேன், அதுவும் இல்ல. கார் பேட்டரி சுத்தமா இறங்கிடுச்சு. கதவுல ஓட்டையே கண்ணுக்குத் தெரியல, கண்ணாடிய உடைச்சிடலாமான்னு கூட தோணிடுச்சு. வாட்ச்மேன் அண்ணன்தான் வந்து, "சார், ரிமோட்டுக்குள்ள ஒரு சாவி இருக்கும், உருவுங்க. ஹேண்டில் ஓரத்துல இருக்கற மூடிக்கு அடியில சின்னதா ஒரு வெட்டு இருக்கும், அதுல விட்டு நெம்புங்க"ன்னாரு. நெம்பினேன், மூடி கையோட வந்துச்சு, உள்ள ஓட்டை! ஆறு வருஷம் அந்தக் கார ஓட்டியிருக்கேன், அப்படி ஒண்ணு இருக்கறதே அன்னைக்குத்தான் தெரியும்.

அதுல இருந்து இந்த விஷயத்த விடாம பாத்துட்டு இருக்கேன். மூணு வகை இருக்கு, மூணுக்கும் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு.

பழைய டைப்ப எடுத்துக்குவோம். எங்க அப்பாவோட மாருதி 800ல முன் கதவு ரெண்டுலயும் ஓட்டை இருக்கும். சாவிய திருப்பினா சிலிண்டர் (ஓட்டைக்குள்ள இருக்கற உருளை) சுத்தும், அது உள்ள இருக்கற ஒரு கம்பிய இழுக்கும், கம்பி பூட்ட விடுவிக்கும், அவ்வளவுதான். கரண்டே வேண்டாம். பத்து நாள் பேட்டரிய கழட்டி வெச்சிருந்தாலும் கதவு திறக்கும். ஆனா அதே சுலபம் திருடனுக்கும் உண்டு. கெட்டியான ஸ்க்ரூ டிரைவர ஓட்டைக்குள்ள குத்தித் திருகினா பல கார் திறந்துடும், கண்ணாடிக்கும் ரப்பர் பீடிங்குக்கும் இடையில ஸ்டீல் ஸ்கேல விட்டு பூட்ட தூக்கறவங்களையும் நம்ம ஊர்ல பாத்திருப்பீங்க. ஓட்டைய சுத்தி பெயிண்ட் எல்லாம் கீறல், உள்ள தூசி, மழைத்தண்ணி. பனி கொட்டற நாட்டுல பூட்டே உறைஞ்சு போகும், சாவிய லைட்டர்ல சூடு பண்ணி விடுவாங்க.

இந்த ஓட்டை ஒரே நாள்ல காணாம போகல. சென்ட்ரல் லாக் வந்ததும் டிரைவர் பக்கம் திருப்பினாலே நாலு கதவும் திறந்துச்சு, அப்புறம் பக்கத்து சீட் கதவுல எதுக்கு இன்னொரு சிலிண்டர், அதுக்கு இன்னொரு துளைன்னு அத எடுத்தாங்க. 1980லயே ஃபோர்டு கம்பெனி அமெரிக்காவுல கதவுல நம்பர் பட்டன் வெச்சு, சாவி இல்லாம கோட் அடிச்சு திறக்க விட்டுச்சு. 1982ல ரெனோ ஃபூயேகோ ரிமோட்டோட வந்துச்சு, அதக் கண்டுபிடிச்ச பால் லிப்ஷூட்ஸ் பேர வெச்சு பிரான்ஸ்ல இன்னைக்கும் கார் ரிமோட்ட 'ப்ளிப்'னுதான் சொல்றாங்க. 90கள் முடியறப்ப மெர்சிடிஸ் எஸ் க்ளாஸ்ல சாவி பாக்கெட்லயே இருக்க, ஹேண்டில தொட்டா போதும்னு ஆயிடுச்சு. சாவிய வெளிய எடுக்கவே தேவையில்லன்னா ஓட்டை டிசைனர் கண்ணுக்கு உறுத்தத்தான் செய்யும்.

ஓட்டைய எடுத்தா திருட்டு குறையும்னு ஒரு வாதம் சொல்வாங்க. இத நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். கதவத் திறக்கறது வேற, வண்டிய ஓட்டிட்டுப் போறது வேற, ரெண்டாவதத் தடுக்கறது இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாம இன்ஜின ஸ்டார்ட் ஆக விடாத எலக்ட்ரானிக் பூட்டு. ஐரோப்பாவுல 1998ல இருந்து புது கார்ல அது கட்டாயம். அமெரிக்காவுல கியா, ஹூண்டாய் கார்ல நிறைய மாடல் இது இல்லாம வித்தாங்க, பசங்க யூஎஸ்பி கேபிள் முனைய வெச்சே ஸ்டார்ட் பண்ணி கூட்டம் கூட்டமா தூக்கிட்டுப் போனாங்க. அதுல பல பேரு உள்ள வந்தது கண்ணாடிய உடைச்சு, கதவு ஓட்டைய யாரு கேட்டா? இன்னொரு பக்கம் கீலெஸ் கார் (சாவி பாக்கெட்ல இருந்தாலே திறக்கற டைப்), 2011லயே ஸுரிக்ல இருக்கற ஈடிஹெச் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் 8 கம்பெனியோட 10 மாடல எடுத்து, வீட்டுக்குள்ள இருக்கற சாவியோட சிக்னல ஆன்டெனா வெச்சு கார் வரைக்கும் நீட்டி, அத்தனையும் திறந்து ஸ்டார்ட்டும் பண்ணிக் காட்டிட்டாங்க. ஓட்டை போச்சு, திருடன் போகல, சத்தமில்லாம வேலை பாக்க கத்துக்கிட்டான். தூரத்த அளந்து பாக்கற அல்ட்ரா வைட்பேண்ட் சாவிங்க வந்த பிறகுதான் இதுக்கு உருப்படியான பதில் கிடைச்சிருக்கு.

இப்போ ஓட்டையே இல்லாத கார். டெஸ்லாவோட எலக்ட்ரிக் கார் மாடல் 3 2017ல வந்துச்சு, ஃபோன்தான் சாவி, இல்லன்னா ஒரு கார்ட கதவுத் தூண்ல காட்டணும். தினசரி வசதின்னா இதுக்கு நிகர் கிடையாது, கை நிறைய பையோட வந்தாலும் பூட்டு தானே விடுபடும். அதே கம்பெனியோட மாடல் ஒய் 2025 ஜூலைல மும்பைக்கும் வந்தாச்சு. ஆனா கார்டுல பேட்டரி இல்லாட்டியும் காருக்குள்ள கரண்ட் இருந்தாதான் அந்தக் கார்ட படிக்கவே முடியும். உள்ள இருக்கற சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தா, வண்டிய ஓட்டற பெரிய பேட்டரில எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வெளிய நிக்கறவனுக்கு நேரா கதவத் திறக்க வழி கிடையாது. மாடல் 3ல முன் பம்பர்ல இழுவைக் கொக்கி மாட்டற இடத்து மூடிய கழட்டி, உள்ள இருக்கற ரெண்டு வயருக்கு வெளியில இருந்து 12 வோல்ட் குடுத்து, பானட்ட திறந்து, அப்புறம் பேட்டரிக்கு கரண்ட் குடுக்கணும். ராத்திரி நடு ரோட்ல இன்னொரு பேட்டரிக்கு எங்க போறது?

2024 ஜூன்ல அமெரிக்காவோட அரிசோனாவுல, ஸ்காட்ஸ்டேல்ல, ஒரு பாட்டி 20 மாசப் பேத்திய மாடல் ஒய் பின் சீட்ல உக்கார வெச்சு கதவ சாத்திட்டு முன்னாடி வந்திருக்காங்க, அதுக்குள்ள பேட்டரி போச்சு. அரிசோனா ஜூன் வெயில். தீயணைப்பு வீரங்க கண்ணாடிய உடைச்சுத்தான் குழந்தைய எடுத்தாங்க. முன் கதவு உள்பக்கம் கையால திறக்க லிவர் இருக்குதான், பெல்ட் போட்ட குழந்தை அத எப்படி இழுக்கும்? இதே மாதிரி புகார் சேர்ந்து, 2025 செப்டம்பர்ல அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2021 மாடல் ஒய்ல சுமார் 1,74,000 கார் மேல விசாரணை தொடங்குச்சு. இதப் படிச்ச அன்னைக்கு எனக்கு சாப்பாடு இறங்கல, எங்க வீட்லயும் அந்த வயசுல குழந்தை இருக்கு.

ஷெவர்லே கார்வெட் வேற வழி பிடிச்சது. 2005ல வந்த மாடல்ல கதவுல ஓட்டை கிடையாது, பின்னாடி நம்பர் ப்ளேட் பக்கம் ஒண்ணு இருக்கும், அதுல டிக்கிய திறந்து உள்ள ஒரு பட்டைய இழுத்தா டிரைவர் கதவு விடுபடும். கதவு அழகா இருக்கு, வழியும் இருக்கு. நான் இத மதிக்கிறேன், ஆனா மேனுவல் படிக்காதவங்களுக்கு அந்த இடம் தோணாது.

என் ஓட்டு மூடி போட்ட டைப்புக்குத்தான். வெளிய பாத்தா சுத்தமா இருக்கு, திருடன் ஸ்க்ரூ டிரைவர நேரா விட முடியாது, கஷ்டத்துல கம்பி கம்பியாவே வேலை செய்யும். ரிமோட்ல இருக்கற செல்லு (காசு மாதிரி வட்டமான சின்ன பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032) தீர்ந்தாலும் சாவியால திறந்து, ரிமோட்ட ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டினாப்ல வெச்சா நிறைய கார் ஸ்டார்ட் ஆயிடும் (சில கார்ல தனி இடம் இருக்கும்). கார் பேட்டரியே போயிருந்தாலும் உள்ள போய் பானட் லிவர இழுத்து ஜம்பர் கேபிள் மாட்டலாம். செல்லு மட்டும் போயி கார் பேட்டரி நல்லா இருந்தா, சாவியால திறக்கறப்ப அலாரம் கத்தலாம், பயப்படாதீங்க, ரிமோட்ட கார் அடையாளம் கண்டதும் நின்னுடும். குறைன்னா ரெண்டு. அவசரத்துல நெம்பினா மூடியோட க்ளிப் உடையும், பெயிண்ட் கீறும். அதவிட முக்கியம், வருஷக்கணக்கா தொடாத சிலிண்டர் இறுகிடும். என்னோடது அன்னைக்கு கொஞ்சமும் அசையல, வாட்ச்மேன் அண்ணன் மோட்டார் ரூம்ல இருந்து டபிள்யூடி-40 ஸ்ப்ரே கொண்டு வந்து அடிச்சு, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித்தான் திரும்புச்சு. அம்மாவ பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோல முன்னாடியே கூட்டிட்டுப் போயிட்டான், நல்லபடியா ஆச்சு.

இப்போ மாசத்துக்கு ஒரு தடவ ரிமோட்ட பாக்கெட்ல போட்டுட்டு சாவியாலயே கதவத் திறக்கறேன். மனைவிக்கும் கண்ண மூடிட்டு மூடிய நெம்பற அளவுக்குப் பழக்கம் ஆயிடுச்சு.