பலகைத் தரையும் ஸ்பீக்கர் கால்களும்: குன்னூரில் நான்கு வருடம்

குன்னூரில் நாங்கள் முதலில் குடியிருந்தது ஒரு பழைய பங்களாவின் மாடி. கல் சுவர், தகரக் கூரை, பலகைத் தரை. கீழே ஹவுஸ் ஓனர் அம்மா. ஒவ்வொன்றும் 22 கிலோ எடையுள்ள இரண்டு ஸ்பீக்கர்களை மேலே ஏற்றிய மூன்றாம் நாளே அந்த அம்மா படியேறி வந்துவிட்டார். "தம்பி, உங்க பாட்டு எனக்குக் கேக்கவே இல்ல. என் கண்ணாடி அலமாரிதான் பாடுது" என்றார். மனைவியை மேலே பாட்டு போடச் சொல்லிவிட்டுக் கீழே போய் நின்று பார்த்தேன். பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. அதுவும் எல்லா நேரமும் இல்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி, அதாவது வளைந்து ஏறும் அடி ஓசை, விழும்போது மட்டும். (நீலகிரியில் கும்கி என்றால் தெப்பக்காட்டு யானைதான் முதலில் நினைவுக்கு வரும். அந்த அலமாரிக்கு அன்றைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.)

ஸ்பீக்கருக்கு அடியில் மாட்டும், அதிர்வைத் தடுக்கும் கால்கள், அதாவது ஐசோலேஷன் ஃபீட், பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது அன்றுதான். ஒலி நன்றாக வர வேண்டும் என்ற ஆசையெல்லாம் பிறகு வந்தது. முதலில் வேண்டியிருந்தது வீட்டைக் காலி செய்யாமல் இருப்பதுதான்.

பலகைத் தரை என்றால் மரச் சட்டங்களின் மேல் பலகையை அடித்து, கீழே காலி இடம் விட்டிருப்பார்கள். தட்டிப் பார்த்தால் தவில் மாதிரி பதில் சொல்லும். வூஃபர் கோன், அதாவது ஸ்பீக்கரில் அடி ஓசையைத் தரும் கூம்பு, முன்னால் தள்ளும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கர் பெட்டி பின்னால் உதைபடுகிறது. பெட்டிக்குக் கீழே கம்பெனி கொடுத்த கூரான ஸ்பைக் இருந்தால் அந்த உதை அப்படியே தரைக்குள் இறங்கும். சிமெண்ட் தரை அதைச் சட்டை செய்யாது. பலகைத் தரையோ வாங்கிக்கொண்டு தன் பங்குக்குப் பாட ஆரம்பித்துவிடும். ஸ்பீக்கர் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் பாடும். பாஸ் (அடி ஓசை) கொழகொழவென்று இருக்கிறது என்று நான் ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) குறை சொல்லிக்கொண்டிருந்த மாதங்களில், உண்மையில் கேட்டுக்கொண்டிருந்தது தரையைத்தான்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: கடப்பா கல். ஒன்றரை அடிச் சதுரமாக இரண்டு துண்டு வெட்டி வாங்கி, ஸ்பைக்கோடு ஸ்பீக்கரை அதன்மேல் வைத்தேன். பலகையில் ஓட்டை விழாமல் இருந்தது, அவ்வளவுதான் லாபம். கல்லும் தரைமேல்தானே உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன் ஒருவர், மெஷினுக்கு அடியில் போடும் கெட்டி ரப்பர் ஷீட்டை வெட்டிக் கொடுத்தார். போட்டுவிட்டு ஆவலோடு கீழே போனால் அலமாரி முன்பைவிட அதிகமாகக் கிணுகிணுத்தது. அவரிடமே கேட்டேன். "ஸ்பீக்கரை வச்சதும் ரப்பர் எவ்வளவு அமுங்குச்சு சார்?" என்று கேட்டார். அமுங்கவே இல்லை என்றேன். "அப்ப அது ரப்பர் இல்ல சார், கல்லுதான்" என்றார்.

கட்டுரைகளும் விளம்பரங்களும் சொல்லாத விஷயத்தை அந்த ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார். கணக்கு எளிதானது. ஒரு கால் தன்மேல் வைத்த எடையால் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 16-ஐ வகுத்தால் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது, ஏறக்குறைய வந்துவிடும். 1 மி.மீ. அமுங்கினால் 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ். ரப்பரில் உண்மையான எண் இதைவிடச் சற்றுக் கூடவே இருக்கும். இந்த எண்ணின் 1.4 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வுகள்தான் தடுக்கப்படும். அந்த எண்ணுக்கு அருகில் இருப்பவை தடுக்கப்படாததோடு பெரிதாகவும் ஆகும். அண்ணன் கொடுத்த ஷீட் 0.2 மி.மீ. அமுங்கியிருந்தாலே அதிகம். கணக்குப் போட்டால் 36 ஹெர்ட்ஸ். பாஸ் இருக்கும் இடத்திலேயே ஊஞ்சல் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் விலைகொடுத்துக் கால் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எடை. கனடாவின் ஐசோஅக்கூஸ்டிக்ஸ் நிறுவனத்தின் கையா வரிசையை எடுத்துக்கொண்டால், நான்கு கால் கொண்ட ஒரு செட் மூன்றாம் எண்ணில் 32 கிலோ வரை, இரண்டாம் எண்ணில் 54 கிலோ வரை, முதலாம் எண்ணில் 100 கிலோ வரை தாங்கும். 22 கிலோ ஸ்பீக்கருக்குப் பெரியதாக இருக்கட்டுமே என்று முதலாம் எண்ணை வாங்கினால், கூடுதல் பணம் கொடுத்து அமுங்காத காலை வாங்கியதாக ஆகும். வீட்டுக்காரர்களிடம் பெருமை பேசலாம், வேறு பலன் இருக்காது.

நான் வாங்கியதும் என் எடைக்குப் பொருந்துகிற, திருகி மாட்டுகிற வகைதான். எட்டுக் கால், எட்டுக்கும் பல அளவு போல்ட். பொருத்துவதில் சிரமம் ஒன்றும் இல்லை, சமப்படுத்துவதில்தான் நேரம் போனது. நூறு வருடத் தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திருகிக்கொண்டிருந்தேன். நான்கு காலிலும் எடை சமமாக இறங்காவிட்டால் ஒன்று நசுங்கும், இன்னொன்று சும்மா இருக்கும்.

பலன் அன்று மாலையே தெரிந்தது. போனில் ஃபைபாக்ஸ் என்ற இலவச ஆப் இருக்கிறது. ஜெர்மனியில் ஆக்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. போனைத் தரையில் வைத்தால் அதிர்வை வரைபடமாகக் காட்டும். என் போன் நொடிக்கு 200 முறைதான் அளக்கும் என்பதால் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் அதை நம்ப முடியாது. எனக்குத் தேவைப்பட்டதும் அதற்குக் கீழேதான். டெஸ்ட் டோன்களை ஒவ்வொன்றாகப் போட்டபோது, ஸ்பைக் இருந்த காலத்தில் 40 ஹெர்ட்ஸ் பக்கம் மலைபோல நின்ற கோடு, புதுக் கால்களோடு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. காதுக்கும் தெரிந்தது. கும்கி வளைந்து ஏறுவது இப்போது தனியாகக் கேட்டது. முன்பு அது ஒரே முழக்கமாக இருக்கும். மேல் சுரங்களில், வீணையில், குரலில் மாற்றம் இருந்ததா என்றால், சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. "திரை விலகியது" என்று எழுதுகிறவர்களுக்கு எந்தத் திரை விலகியதோ!

ஒரு மாதம் கழித்து ஓனர் அம்மா மாடிப்படியில் என்னைப் பார்த்து, "இப்பல்லாம் பாட்டே போடுறதில்லையா தம்பி?" என்று கேட்டார். தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் சத்தத்தைக் கூட்டினால் அலமாரி மறுபடி பாடும். பாஸ் காற்று வழியாகவும் தரையை அடிக்கிறது, கால்கள் அதைத் தடுக்க முடியாது. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாது என்பதற்காக இதை வாங்கினால் ஏமாற்றம்தான். அதேபோல மேலேயிருந்து வரும் சத்தத்துக்கும் இதில் வழியில்லை. குன்னூருக்கு மழை அதிகம் கொண்டுவருவது வடகிழக்குப் பருவம். அக்டோபர், நவம்பரில் தகரக் கூரையில் மழை இறங்க ஆரம்பித்தால் ஆம்பை அணைத்துவிட்டு ஊட்டி வர்க்கி தின்பதுதான் வழி.

டர்ன்டேபிள் (ரெக்கார்ட் பிளேயர்) கதை வேறு. அதில்தான் அதிகம் அடி வாங்கினேன். மகள் ஹாலில் நடந்தாலே ஊசி துள்ளும். ஸ்குவாஷ் பந்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, அதன்மேல் மீதிக் கடப்பா கல், அதன்மேல் டர்ன்டேபிள் என்று அடுக்கினேன். மெத்தென்று ஆடியது, பார்க்கவே திருப்தியாக இருந்தது. ரெக்கார்டைப் போட்டதும் வூஃபர் இரண்டும் சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் மூச்சுவாங்க ஆரம்பித்தன. காரணம் பிறகுதான் புரிந்தது. ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மும், அதன் நுனியில் ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜும் சேர்ந்து 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் ஒரு இயல்பு அதிர்வைக் கொண்டிருக்கும்படிதான் பொதுவாக அமைக்கிறார்கள். என் பந்தும் கல்லும் போய் உட்கார்ந்ததும் அதே இடத்தில். நெளிந்த ரெக்கார்டோ காலடியோ லேசாகத் தூண்டினாலும் இரண்டும் ஒன்றையொன்று ஊதிவிட்டன. காலடி அதிர்வு அதற்கும் கீழே, நொடிக்கு இரண்டு என்ற கணக்கில் தொடங்குகிறது. அதைத் தடுக்கும் அளவுக்கு மெத்தென்ற ரப்பர் கிடையாது. இருந்தால் டர்ன்டேபிள் தொட்டில் மாதிரி ஆடும்.

கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு, கல் சுவரில் இரும்பு பிராக்கெட் அடித்து, சில்வர் ஓக் பலகை ஒன்றைப் போட்டு டர்ன்டேபிளை அதில் ஏற்றினேன். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் அதே மரம்தான், பலகை மலிவாகக் கிடைக்கும். அன்றோடு ஊசி துள்ளல் நின்றது. மகள் ஸ்கிப்பிங் ஆடினாலும் அசையவில்லை. அதற்குக் கீழே எந்த விசேஷக் காலும் இல்லை. பலகைத் தரை வீட்டில் எல்பி கேட்பவர்கள் கால் வாங்கும் காசில் முதலில் சுவர் அலமாரி அடியுங்கள்.

ஆம்ப், சிடி பிளேயர், டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கேற்ற சிக்னலாக மாற்றும் டிஏசி ஆகியவற்றின் கீழேயும் போட்டுப் பார்த்தேன். ஒலியில் எதுவும் மாறவில்லை. ஒன்று மட்டும் நடந்தது: ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் முனகுவது மர ரேக்கில் ஏறி ராத்திரியில் கேட்டுக்கொண்டிருந்தது, சார்போத்தேன் என்ற, அதிர்வை உறிஞ்சும் மெத்தென்ற பொருளில் செய்த அரைக்கோளங்கள் நான்கை வைத்ததும் அது அடங்கியது. அது ரேக்கின் சத்தம், பாட்டின் சத்தம் இல்லை.

நாள்பட்ட பிறகு தெரிந்த சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சார்போத்தேன் மெல்ல எண்ணெய் கசியும். பாலிஷ் போட்ட மரத்தில் வட்டமாகக் கறை விழுந்து, இன்றுவரை போகவில்லை. ஒரு சில்லறைக் காசையாவது இடையில் வைத்திருக்கலாம். இரண்டு வருடத்தில் சார்போத்தேன் அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டது, மாற்ற வேண்டியிருந்தது. ஜனவரி ராத்திரிகளில் குளிருக்கு இறுகி, முனகல் மறுபடி லேசாக எட்டிப் பார்த்தது. ஹீட்டர் போட்டு அறை சூடானதும் அடங்கியது. ஸ்பீக்கர் கால்கள் நான்கு வருடமாக வடிவம் மாறாமல் இருக்கின்றன, ஆனால் போல்ட் தளர்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கையால் இறுக்கிவிடுகிறேன். இன்னொன்று, இந்தக் கால்களில் நிற்கும் ஸ்பீக்கர் தொட்டால் ஆடும். குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில், உயரமும் ஒல்லியுமான ஸ்பீக்கர் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் அருவங்காடு பக்கம் வீடு மாறினோம். தரைத்தளம், கான்கிரீட், மேலே டைல்ஸ். அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப், அதே கால்கள். ஒரு வாரம் கால்களோடும் ஒரு வாரம் ஸ்பைக்கோடும் கேட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மனைவியிடம் சொல்லாமல் மாற்றி வைத்துக் கேட்டபோது இரண்டு முறை சரியாகச் சொன்னாள், மூன்று முறை தப்பாகச் சொன்னாள். போனிலும் தரைக் கோடு இரண்டு விதத்திலும் கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது. இங்கே பாஸ் வேறு காரணத்தால் முழங்குகிறது. அறை சின்னது, சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன. இலவம்பஞ்சு மெத்தை இரண்டை மூலையில் நிறுத்தியதில் கிடைத்த பலன் எந்தக் காலிலும் கிடைக்கவில்லை.

ஸ்பீக்கருக்கு அடியில் கால்கள் இன்னும் இருக்கின்றன, ஸ்பைக்கை டைல்ஸில் நிறுத்த மனம் வராததால். ஆம்புக்கு வாங்கிய சார்போத்தேனில் நான்கு இப்போது சமையலறையில், மிக்சிக்குக் கீழே. காலையில் சட்னி அரைக்கும்போது மேடையில் இருக்கும் டம்ளர்கள் சத்தம் போடுவதில்லை.