ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே பாடும் ஆம்ப்

என் காரில் வைத்திருக்கும் நாலு சேனல் ஆம்ப்பின் (ஸ்டீரியோவின் பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) விலை இந்தத் தீபாவளி ஆஃபரில் நன்றாக இறங்கிவிட்டது. "வாங்கலாமா?" என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். ஸ்பெக் எல்லாம் டப்பாவிலேயே இருக்கிறது, அதை நான் வேறு ஒப்பிக்க வேண்டாம். வாங்கிச் சில வருஷம் ஆகிறது. அதில் பாதிக் காலத்தை ஒரே ஒரு சத்தம் தின்றுவிட்டது.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ட்வீட்டரில், அதாவது கீச்சு ஒலிக்கான குட்டி ஸ்பீக்கரில், மெல்லிசாக ஒரு 'உய்ங்'. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்ருதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். வால்யூமை ஏற்றினால் அமுங்கிவிடும் என்பதால் கடைக்காரர்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரிவதில்லை. இளையராஜா பாட்டில் எல்லா வாத்தியமும் ஒதுங்கி ஒற்றைப் புல்லாங்குழல் மட்டும் வரும் இடத்தை, சிக்னலில் நிற்கும்போது கேட்டுப் பார்த்தால்தான் என் எரிச்சல் புரியும்.

சத்தத்தின் பிறப்பிடம், இன்ஜினோடு சுற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். அதில் உற்பத்தியாவது மூன்று ஃபேஸ் ஏ.சி. டயோடுகள் அதை டி.சி. ஆக்கினாலும் மேலே ஒரு சின்ன அலை மிச்சம் நிற்கும். 12 போல் (காந்தத் துருவம்) உள்ள ஆல்டர்னேட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 36 அலை. ஐட்லிங்கில் அது 2,000 ஆர்.பி.எம்.மில் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் 1,200 ஹெர்ட்ஸ். ஆல்டர்னேட்டர் இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும் என்பதால், இன்ஜின் 2,000-ஐத் தொடும்போது ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ். மனுஷக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் அங்கேதான் இருக்கிறது, நம் ராசி அப்படி.

இந்த அலை எல்லா வண்டியிலும் உண்டு. பாட்டுக்குள் நுழைய அதற்கு ஒரு வழி கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். என் வண்டியில் அந்த வழியைப் போட்டுக் கொடுத்தவர்கள் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் எனக்கு ஃபிட்டிங் செய்த கடைக்காரர்கள். சீட்டுக்கு அடியில் ஆம்ப்பை வைத்து, கைக்கு எட்டிய சீட் போல்ட்டிலேயே எர்த்தை (கரன்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்புவதற்கான வயரை) முறுக்கிவிட்டார்கள். அந்த போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட், அடியில் சீலன்ட். கரன்ட் போக வெறும் இரும்பு எங்கே இருக்கிறது? ஸ்டீரியோவுக்கு ஓர் எர்த், ஆம்ப்புக்கு வேறோர் எர்த், இரண்டுக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயரின் வெளி உறை இரண்டையும் இணைப்பதால் அந்த வித்தியாசம் பாட்டோடு பாட்டாக உள்ளே வந்துவிடும்.

புகாரோடு போனால் முதல் பதில், "ஆம்ப்தான் சார், இந்த மாடலே அப்படித்தான், அடுத்ததா எடுத்துக்கோங்க." அடுத்த முறை போனபோது இப்படி இரண்டு எர்த்துக்கு நடுவே உருவாகும் சுற்றுப்பாதையை (லூப்) துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒரு குட்டி டப்பாவை மாட்டிவிட்டார்கள். சத்தம் போனது வாஸ்தவம். மிருதங்கத்தின் தொப்பியும் (கனத்த சத்தம் தரும் பக்கம்) அதோடு போய், அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஆகிவிட்டது. மலிவான ஐசோலேட்டருக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரால் அடி பேஸைத் தாங்க முடியாது. அதற்கும் மேலே கெபாசிட்டர் போடலாம் என்று ஆரம்பித்தபோது வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இதையெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டாம். ஆஃப் செய்துவிட்டு ஆர்.சி.ஏ. வயர்களை ஆம்ப்பிலிருந்து கழற்றி, இன்புட்டில் ஷார்ட் செய்த (உள் முனையையும் வெளி வளையத்தையும் ஒன்றாக இணைத்த) ப்ளக்கைச் செருகி, திரும்ப ஸ்டார்ட் செய்தேன். துளிச் சத்தம் இல்லை. ஆம்ப் நிரபராதி. அடுத்து, சார்ஜரில் போடாத போனை நேராக ஆம்ப்பில் கொடுத்தேன். சுத்தம். (சார்ஜரைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் அது தனியாக ஒரு லூப்பைக் கொண்டுவரும், அதில் ஏமாறக் கூடாது.) பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை ஆம்ப்பின் எர்த் டெர்மினலிலும் வைத்து, பாட்டை முழுச் சத்தத்தில் விட்டேன். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. எனக்கு அரை வோல்ட்டுக்கு மேல் ஆடியது. வெறும் தகரம் தெரியும்வரை பெயின்ட்டைச் சுரண்டி, தனி போல்ட் போட்டு, அரை மீட்டருக்குள் தடித்த வயரில் எர்த் எடுத்ததும் சத்தம் பாதியானது. பாதிதான்.

மீதிப் பாதிதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. ஆம்ப்பின் எர்த் லூஸானால் அதன் கரன்ட் சும்மா இருக்குமா? ஆர்.சி.ஏ. உறை வழியாக ஸ்டீரியோவுக்குள் போய், அங்கிருந்து எர்த்தைத் தேடும். சில ஸ்டீரியோக்களில் அந்தப் பாதையில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பிகோ ஃப்யூஸ் உண்டு. அது எரிந்துபோனால் பாட்டு வழக்கம்போல் வரும், ஆனால் ஆர்.சி.ஏ.யின் எர்த் அந்தரத்தில் தொங்கும். பிறகு வெளியே எத்தனை எர்த் போட்டாலும் விசில் அடித்துக்கொண்டே இருக்கும். ஸ்டீரியோவை வெளியே எடுத்து, ஆர்.சி.ஏ.யின் வெளி வளையத்துக்கும் ஸ்டீரியோ பாடிக்கும் கன்டினியூட்டி (இணைப்பு இருந்தால் மீட்டர் கத்தும்) பார்த்தேன். மீட்டர் வாயே திறக்கவில்லை. சோதிக்க ஒரு துண்டு வயரால் இரண்டையும் இணைத்ததும் அத்தனை நாள் சத்தம் ஒரே நொடியில் நின்றது. அப்புறம் சாலிடரிங் தெரிந்த ஒருவரிடம் ஃப்யூஸையே மாற்றிக்கொண்டேன். வயரை அப்படியே விட்டால் அடுத்த முறை எரிய ஃப்யூஸ் இருக்காது, போர்டே எரியும்.

ஆக, ஒரு சோம்பேறி போல்ட் ஸ்டீரியோவைக் கெடுத்தது, பழி ஆம்ப் மேல் விழுந்தது. அந்தக் கடையில் இன்றைக்கும் யாருடைய சீட் போல்ட்டிலோ எர்த் முறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது ஆம்ப்? அருமை. கதவு ஸ்பீக்கர்கள் இவ்வளவு விஷயம் வைத்திருந்தனவா என்று தோன்றுகிறது. நாகஸ்வரத்தின் அனுசுரங்கள் வரை கேட்கிறது. வால்யூமை எட்டில் வைத்தாலே போதும், பேச்சு தெளிவு. மே மாத மத்தியானத்தில் எப்போதாவது சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளும் புரொடெக்ட் லைட் போட்டு ஐந்து நிமிஷம் முரண்டு பிடிக்கும். சீட்டுக்கு அடியில் காற்று இல்லை, மன்னித்துவிடலாம்.

ஆம்ப்பின் கெயின் குமிழை, அதாவது ஸ்டீரியோ தரும் வோல்ட்டுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் குமிழை, மன்னிக்க மாட்டேன். எத்தனை வோல்ட் என்று ஓர் எழுத்துகூட இல்லாமல் 'மின்', 'மேக்ஸ்' என்று மட்டும் போட்டால் கடைக்காரன் அதை இன்னொரு வால்யூம் என்றே நினைத்து முழுசாகத் திருகுவான். எனக்கும் அப்படித்தான் வந்தது. கூடவே இன்ஜின் ஓடாதபோதும் 'இஸ்ஸ்' என்று ஒரு சீறல். ஸ்டீரியோவின் 4 வோல்ட் அவுட்டுக்குத் தக்கபடி இறக்கியதும் அது அடங்கியது. எர்த் டெர்மினலும் ஒரு சோகம். 8 கேஜ் வயர் நுழைவதே பெரும்பாடு. இத்தனை வாட் கேட்கும் சாமானுக்கு அந்தத் துவாரம் என்ன கணக்கு?

ஆகவே, கேட்டவர்களுக்கு என் பதில்: வாங்காதீர்கள். தெரியும், மேலே புகழ்ந்ததற்கும் இதற்கும் ஒட்டவில்லை. மீட்டர் பிடிக்கத் தெரிந்தவருக்கு இந்த விலைக்கு இது அநியாய லாபம். மற்றவர்கள் அந்தக் காசில் கதவுகளுக்கு, தகரத்தின் அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டிக்கொள்ளுங்கள், அதற்கு எர்த் தேவையில்லை.