மூன்று ஆண்டுகளாக என் வகுப்பை நானே கேட்கிறேன்

2022 ஜூனில், மும்பை செம்பூரில் நான் நடத்தும் கர்நாடகப் பாட்டு வகுப்புக்காக உள்ளங்கை அளவில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி வாங்கினேன். குழந்தைகள் பாடுவதைப் பதிவு செய்து வீட்டுப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்பதுதான் எண்ணம். ஆனால் மூன்று ஆண்டுகளில் அதனிடம் அதிகம் பாடம் கேட்டவள் நான்தான்.

கைபேசி போதாதா என்று சக ஆசிரியைகள் கேட்கிறார்கள். ஆறு மாதம் கைபேசியில்தான் பதிவு செய்தேன். அது தானாகவே ஒலியைச் சமன்செய்துவிடுகிறது. குழந்தை தயங்கிக் குரலைத் தாழ்த்தும் இடத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. குழந்தை மூச்சு வாங்கும் நேரத்தில் தம்பூரா திடீரென்று ஓங்கி ஒலிக்கிறது. எனக்கு வேண்டியதே அந்தத் தயக்கம்தான். தனிக் கருவியில் ஒலி அளவைக் கையால் வைக்க முடியும். கருவியின் அளவுகாட்டியில் 0தான் வரம்பு; உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் எந்தக் குரலும் பதிவில் கரகரப்பதில்லை. தரையில் வெறுமனே வைத்தால் தாளம் போடும் தட்டெல்லாம் இடிபோல் விழும். மடித்த துண்டின்மேல் வையுங்கள். மின்தம்பூரா கருவியின் பக்கமே வரக்கூடாது. எம்பி3 வடிவில் 128 கிலோபிட்டில் ஒரு மணி நேரப் பாடம் 60 எம்பிக்குள் அடங்கிவிடும். சுருக்காத வேவ் வடிவம் என்றால் 600 எம்பியைத் தாண்டும். சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு அது தேவையில்லை.

பேட்டரி மூடி இரண்டாம் ஆண்டிலேயே உடைந்துவிட்டது. ரப்பர் பேண்டு போட்டு ஓட்டுகிறேன். வேறு குறையில்லை.

முதல் மூன்று மாதம் வீணாயிற்று. வகுப்பு முழுவதையும் பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்கலாம் என்று வைத்திருந்தேன். ஒரு ஞாயிறுகூடக் கேட்கவில்லை. பிறகுதான் அதை ரயிலோடு முடிச்சுப் போட்டேன். வகுப்பு முடிந்ததும் செம்பூரிலிருந்து நெருலுக்கு, ஹார்பர் லைன் என்ற புறநகர் ரயிலில் அரை மணி நேரப் பயணம். வண்டி கோவண்டி தாண்டியதும் காதில் மாட்டிக்கொள்வேன். அன்றைய வகுப்பின் நடுவிலிருந்து ஐந்து நிமிடம் மட்டும். மான்குர்டைக் கடந்து கழிமுகப் பாலத்தில் ஏறினால் இரைச்சலில் எதுவும் கேட்காது. அதற்குள் முடித்துவிட்டு, பாலத்தின்மேல் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுவேன். இந்தப் பழக்கம்தான் இன்றுவரை நிற்கிறது.

முதலில் எழுதிய வரிகளில் ஒன்று இன்னும் உறுத்துகிறது. நான்கு சிறுமிகளுக்கு மலகரி ராகத்தில் கீதம் (தொடக்க நிலைச் சிறு பாட்டு) நடந்துகொண்டிருந்தது. மலகரியின் ஆரோகணத்தில், அதாவது ஸ்வரங்கள் ஏறும் வரிசையில், காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) கிடையாது. ரிஷபத்திலிருந்து (ரி) நேரே மத்யமத்துக்குப் (ம) போகவேண்டும். தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசையிலும் ஜண்டை வரிசையிலும் மாதக்கணக்கில் மாயாமாளவகௌளை ராகத்தின் காந்தாரத்தோடு பழகிய தொண்டை அந்த இடத்தில் வழுக்கும். பதிவில் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் தண்ணீர் குடிக்க, கூடவே பாடுவதை நான் நிறுத்தினேன். டம்ளர் தரையில் படும் சத்தம்கூடக் கேட்டது. அந்த ஒரு ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு சுற்றில்) நால்வரும் சேர்ந்து காந்தாரத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தவறு பல வாரங்களாக அங்கேயே இருந்திருக்கிறது. என் குரல் அதன்மேல் போர்வையாகக் கிடந்திருக்கிறது.

அன்றிரவு முழுப் பதிவையும் கடிகாரத்தோடு கேட்டேன். 45 நிமிட வகுப்பில் 31 நிமிடம் என் குரல். "இன்னொரு தடவை" என்று 23 முறை சொல்லியிருந்தேன். என்ன மாற்ற வேண்டும் என்று சொன்னது நான்கே முறை. பதினெட்டு ஆண்டுகளாகப் பாட்டு சொல்லிக்கொடுப்பவள் நான். கூடவே பாடுவதுதான் ஆதரவு என்று நம்பியிருந்தேன். என் குருவும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

அதன்பின் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பாடிக் காட்டிவிட்டு, குழந்தை திருப்பிப் பாடி முடித்ததும் ஒரு ஆவர்த்தனம் தாளம் மட்டும் போடுவது, பிறகுதான் பேசுவது. அந்த ஒரு சுற்று வாயை மூடியிருப்பது இத்தனை கடினம் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மூன்றாம் மாதத்தில் ஒரு சிறுமி அந்த இடைவெளியில் தானாகவே, "மாமி, நான் கா தொட்டுட்டேன் இல்ல?" என்றாள். அன்று நோட்டில் அந்தக் கேள்வியை மட்டும் எழுதினேன்.

சுருதி விஷயத்திலும் கருவி என்னைத் திருத்தியது. எல்லோருக்கும் என்னுடைய ஐந்தரைக் கட்டையிலேயே (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரம்) சொல்லிக்கொடுத்துவந்தேன். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுக்குக் குரல் உடையத் தொடங்கியிருந்தது. அவன் அம்மா வந்து, "டீச்சர், இனிமேல் பாட்டு வேண்டாம் என்கிறான்" என்றார். பழைய பதிவுகளைக் கேட்டால், ஆறு வாரமாக மேல் ஷட்ஜம் (உச்ச ஸ) வரும் இடத்திலெல்லாம் அவன் வாய் மூடியிருக்கிறது. அந்த வயதில் குரல்நாண்கள் நீண்டு தடிக்கும், ஆண்பிள்ளைகளின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையுள்ள தூரம்) கீழே இறங்கும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் என் காதில் விழவில்லை. அவனுக்குத் தனி நேரம் ஒதுக்கி, தம்பூராவை இரண்டு கட்டைக்கு இறக்கினேன். அந்தக் கட்டையில் நான் மேலே பாட, அவன் ஒரு ஸ்தாயி கீழே பாடுகிறான். இப்போது, கீதத்தைவிடக் கடினமான பாடமான வர்ணத்துக்கு வந்துவிட்டான்.

வாங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று. பெற்றோரிடமும் குழந்தையிடமும் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். நான் இப்போது ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு இரண்டு பதிவுகள் மட்டும் வைத்திருக்கிறேன், அதுவும் அவர்களிடம் கொடுப்பதற்கு.

சென்ற மாதம் மறுபடியும் கடிகாரம் வைத்துக் கேட்டேன். கீத வகுப்பில் என் குரல் 17 நிமிடம். வர்ண வகுப்பில் இன்னும் 28 நிமிடம். சொற்கள் இல்லாமல் ஸ்வரங்களாகவே பாடும் சிட்டஸ்வரம் வந்தால் என்னையறியாமல் கூடச் சேர்ந்துகொள்கிறேன். இந்த வியாழன் ரயிலில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.