என்ஜின்எக்ஸ்: சத்தமில்லாமல் ஹெடர்களைக் கைவிடும் ப்ராக்ஸி

தன் செயலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்னும் வலை சர்வரை ரிவர்ஸ் ப்ராக்ஸியாக (வரும் கோரிக்கைகளை வாங்கிப் பின்னாலுள்ள செயலிக்கு அனுப்பும் இடைநிலையாக) நிறுத்தலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதன் வேகமும், குறைந்த நினைவகத்தில் ஓடும் சிக்கனமும், இணைப்புகளை அறுக்காமல் கான்ஃபிகை (அமைப்புக் கோப்பை) மறுபடி ஏற்றும் வசதியும் அவர் அறிந்தவையே. ஆகவே, பல ஆண்டுகள் பயன்படுத்திய பின்னும் என்னை எரிச்சலூட்டும் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கான்ஃபிகில் ஒரு தளத்துக்கான பகுதியான சர்வர் பிளாக்கில், செயலிக்குச் செல்லும் ஹெடர்களை (கோரிக்கையோடு போகும் குறிப்பு வரிகளை) அமைக்கும் 'ப்ராக்ஸி செட் ஹெடர்' கட்டளைகளைக் கொண்டு ஹோஸ்ட் (தளத்தின் பெயர்), எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் (கேட்டவரின் ஐபி முகவரி), எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ (எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது) ஆகிய மூன்றையும் எழுதியிருப்போம். பின்னொரு நாள் வெப்சாக்கெட்டுக்காக (திறந்தே இருக்கும் இருவழி இணைப்புக்காக) ஒரு லொகேஷனுக்குள் (குறிப்பிட்ட முகவரிப் பாதைக்கான உட்பகுதிக்குள்) அப்கிரேட் ஹெடருக்கென ஒரு வரியைச் சேர்த்தால், மேலே எழுதிய மூன்றும் அந்த லொகேஷனுக்குப் பொருந்தாமல் போய்விடும். கீழ்மட்டத்தில் அந்தக் கட்டளை ஒன்றுகூட இல்லாதபோதுதான் மேல்மட்டத்துக் கட்டளைகள் அங்கே செல்லும் என்பது விதி. ஹோஸ்ட் தன் இயல்புநிலைக்குத் திரும்பி, கோரிக்கை எங்கே போகவேண்டும் என்று சொல்லும் 'ப்ராக்ஸி பாஸ்' கட்டளையில் உள்ள உள்முகப் பெயரைச் சுமந்து செல்லும். ப்ரோட்டோவைக் காணாத செயலி, வந்தது வெறும் எச்டிடிபி என்றெண்ணி எச்டிடிபிஎஸ்ஸுக்கே திருப்பிவிட, உலாவி முடிவில்லாமல் சுற்றும். இதைவிட மோசமானது, வெளியாள் தானே புனைந்து அனுப்பிய எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், உண்மையான ஐபி முகவரி பின்னொட்டாகச் சேராமல், அப்படியே உள்ளே போய்விடுவது. கான்ஃபிக் சோதனையோ எல்லாம் சரி என்றே சொல்லும்.

இந்த விதி ஆவணத்தில் தெளிவாகவே எழுதப்பட்டுள்ளது என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். பெயரில் அடிக்கோடு உள்ள ஹெடர்களை என்ஜின்எக்ஸ் இயல்பாகவே புறக்கணிப்பதற்கும் காரணம் உண்டு: சிஜிஐ மரபில் (ஹெடர்களை நிரலுக்கு மாறிகளாகக் கொடுக்கும் பழைய முறையில்) இடைக்கோடும் அடிக்கோடாகவே மாறுவதால், ஒரு ஹெடர் மற்றொன்றாக வேடமிட்டு நுழையலாம். ஆனால் அந்தப் புறக்கணிப்பைப் பிழைப்பதிவில் 'இன்ஃபோ' நிலையில் எழுதிவிட்டு, பதிவின் இயல்பு நிலையை, அதைவிடக் கடுமையானவற்றை மட்டுமே எழுதும் 'எரர்' என்று வைத்திருந்தால், யார் கண்ணில்தான் அது படும்?

பின்பக்கத்தில், வந்த ஹெடர்களை அப்படியே அச்சிடும் சிறு சர்வர் ஒன்றை நிறுத்தி, கர்ல் என்னும் கட்டளைவரிக் கருவியைக் கொண்டு ஒவ்வொரு லொகேஷனையும் தட்டிப் பார்ப்பதே உருப்படியான வழி. பொது ஹெடர்களைத் தனிக்கோப்பில் வைத்து, ஒவ்வொரு லொகேஷனிலும் 'இன்க்ளூட்' கட்டளையால் சேர்த்துவிடுகிறேன்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். ஆனால் என் சர்வர்களில் ஓடும் என்ஜின்எக்ஸை மட்டும் மாற்றுவதாக இல்லை.