நாக்ரா: கேபிளா, கிரிஸ்டலா?

போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1958-இல் கொண்டுவந்த நாக்ரா 3, 12 பேட்டரிகளில் ஓடும், தோளில் மாட்டிக்கொள்ளும் ரெக்கார்டர். படத்தைக் கேமரா எடுக்கும், ஒலியை இது தனியாகக் காந்த நாடாவில் பதியும். ஒலி சுத்தமாகப் பதிந்தது. சிக்கல் வேறு இடத்தில். ஃபிலிமைச் சீராக இழுக்க உதவும் ஓரத் துளைகள் காந்த நாடாவில் கிடையாது. கொஞ்சம் நீளும், வழுக்கும். அப்புறம் உதட்டசைவோடு குரல் எப்படிப் பொருந்தும்?

முதல் வழி கேபிள். கேமரா மோட்டார் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் சிக்னல் ஒன்றை அனுப்பும். அது குரலோடு சேர்ந்து நாடாவில் தனியாகப் பதியும். பிறகு ஸ்டூடியோவில் அந்தச் சிக்னலை அளவாக வைத்து நாடாவின் வேகத்தைச் சரிசெய்வார்கள். இதன் பெரிய பலம், கேமராவின் வேகம் சற்றுத் தடுமாறினாலும் ஒலி அதன் பின்னாலேயே போகும் என்பது. பலவீனம் கேபிளேதான். ஒளிப்பதிவாளர் ஓடினால் ஒலிப்பதிவாளரும் கூடவே ஓட வேண்டும்!

இரண்டாவது, குவார்ட்ஸ் கிரிஸ்டல், அதாவது கைக்கடிகாரத்தில் இருப்பதுபோல் சீராகத் துடிக்கும் சின்னத் துண்டு. கேமராவுக்கு ஒன்று, ரெக்கார்டருக்கு ஒன்று. இரண்டும் தனித்தனியாக ஒரே கணக்கில் துடிப்பதால் நடுவே கம்பி வேண்டாம். ஒரே ரெக்கார்டரை நம்பிப் பல கேமராக்கள் ஓடலாம். ஆனால் கேமராவுக்குக் கிரிஸ்டல் மோட்டார் கட்டாயம். படமும் ஒலியும் தொடங்கும் இடத்தைப் பொருத்தக் கிளாப் பலகையையும் விட முடியாது.

நிலையான செட்டில் கேபிளே போதும். தெருவில் இறங்கி எடுக்கும் ஆவணப்படத்துக்கு என் ஓட்டு கிரிஸ்டலுக்குத்தான்.